அரக்குப் புடவை எந்தத் தட்டில்?

"மதுரைச் சுங்குடி, அரக்கு நிறம், ஆயிரத்துக்குள்" என்றால் ஜவுளிக்கடைச் சிப்பந்தி நேரே ஒரு தட்டுக்குத்தான் போவார். இன்டர்நெட் கடையில் அவர் வேலையைச் செய்பவைதாம் 'ஃபில்டர்' என்னும் கட்டங்கள்.

வீட்டிலிருந்தே புடவை விற்கும் சகோதரிகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நிறம் 5, துணி 4, விலை 3 என்று வைத்தால், எதையும் தொடாமல் விடுவதையும் சேர்த்து 120 பக்கங்கள் முளைத்துவிடும்! எல்லாவற்றிலும் அதே புடவைகள். எதை முன்னே காட்டுவதென்று கூகுளுக்கே குழப்பம். தேடி வந்தவளோ அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

ஆகவே, பலரும் தேடுகிற 'சுங்குடிப் புடவை' போன்றதற்கு மட்டும் தனிப் பக்கம், தனித் தலைப்பு, நாலு வரி வர்ணனை கொடுங்கள். முகப்பிலிருந்தே அதற்கு வழி வையுங்கள். மற்றச் சேர்க்கைகளில் 'மூலப் பக்கம் இது' என்று காட்டும் 'கனானிக்கல்' குறிப்பு போதும். 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோஸாஃப்ட் மூன்றும் ஏற்ற ஏற்பாடு அது. கட்டளையல்ல, சிபாரிசுதான், கூகுள் சில சமயம் கேட்பதில்லை.

கட்டங்களுக்குப் பெயர் வைப்பதிலும் சிரத்தை வேண்டும். நாம் 'மாம்பழக் கலர்' என்று தேடும்போது, கடையில் வெறும் 'மஞ்சள்' என்றிருந்தால் புடவை எப்படி அகப்படும்?