ஆறேகாலா, அஞ்சே முக்காலா?

போன ஜூலையில் நடந்தது இது. என் எட்டு வயது மகளுக்கு நீச்சல் வகுப்பு. எனக்கும் கணவருக்கும் அன்று வேலை முடியத் தாமதமாகும் என்பதால் அவளை அழைத்துவர அப்பாவிடம் சொல்லியிருந்தோம். "எத்தனை மணிக்கும்மா முடியும்?" என்று தாத்தா போனில் கேட்டார். அவளும் பெருமையாகத் தமிழிலேயே பதில் சொன்னாள்: "ஆறேகால் தாத்தா."

தாத்தா மவுண்ட் ராஸ்கில்லில் இருந்து கிளம்பி, சரியாக ஆறேகாலுக்குப் போய் நின்றார். வகுப்பு முடிந்ததோ அஞ்சே முக்காலுக்கு! ஜூலை மாத ஆக்லாந்துக் குளிர் உங்களுக்கே தெரியும். ஈரத் தலையோடு அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் குழந்தை.

என்ன நடந்திருக்கிறது? "க்வார்ட்டர் டு சிக்ஸ்" என்று டீச்சர் சொன்னதை அவள் வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறாள். க்வார்ட்டர் என்றால் கால், சிக்ஸ் என்றால் ஆறு, ஆக ஆறேகால். நடுவில் இருந்த அந்தக் குட்டி "டு" காணாமல் போய்விட்டது.

ராத்திரி படுக்கப் போகும்போது அவள் சொன்னாள்: "இனிமே தாத்தாகிட்ட இங்கிலீஷ்லயே சொல்லிடறேன்மா. அதான் சேஃப்." சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உடனே ஒரு ஞாபகம் வந்தது. பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் நான் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, செல்லமாகத்தான். ஆனால் அன்றோடு நான் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். திரும்பப் பிடிக்கப் பல வருஷம் ஆனது. நம் தலைமுறையில் பல பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா வந்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாதியில் அவள் கேட்டாள்: "மணின்னா கோயில்ல அடிக்கிறதுதானே? நேரத்தை ஏன் மணின்னு சொல்றோம்?" நான் வழக்கம்போல "அது அப்படித்தான்" என்றேன். பிறகு மனசு கேட்காமல் தேடிப் பார்த்தேன். பதில் இங்கிலீஷிலேயே இருந்தது!

நாம் தினமும் சொல்லும் "ஓ'கிளாக்" என்பது "ஆஃப் தி கிளாக்" என்பதன் சுருக்கம். அந்தக் "கிளாக்" வந்தது "கிளோக்கா" என்ற இடைக்கால லத்தீன் சொல்லில் இருந்து. அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? மணி. ஆமாம், அடிக்கிற மணியேதான். இன்றைக்கும் பிரெஞ்சில் "க்ளோஷ்" என்றாலும், ஜெர்மனில் "க்ளோக்கே" என்றாலும் மணிதான். ஐரோப்பாவின் பழைய எந்திரக் கடிகாரங்கள் பலவற்றுக்கு முகமே கிடையாது, முள்ளும் கிடையாது. இங்கிலாந்தில் சால்ஸ்பரி தேவாலயத்தில் சுமார் 1386-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கடிகாரம் இருக்கிறது. அதில் நேரத்தைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

நம் ஊரிலும் அதே கதைதான். முன்பு நேரத்தை நாழிகையில் கணக்கிட்டார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. இரண்டரை நாழிகை சேர்ந்தால் இன்றைய ஒரு மணி நேரம். அடித்து அறிவித்த மணியே பிறகு நேரத்துக்கும் பெயராகிவிட்டது. ஊர் நடுவில் நிற்பது மணிக்கூண்டு. நம் இலங்கை நண்பர்கள் வீட்டில் கடிகாரமே மணிக்கூடுதான். நாம் "ரெண்டு மணி நேரம்" என்று சொல்வதை அவர்கள் "ரெண்டு மணித்தியாலம்" என்பார்கள்.

இதைச் சொன்னதும் தாத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஸ்பூனை எடுத்து டம்ளரில் அஞ்சு தடவை தட்டினார். "அஞ்சு மணி அடிச்சாச்சு. அதுக்கு மேல முக்கால் மணி போயிருக்கு. அப்போ?" "அஞ்சே முக்கால்!" அவ்வளவுதான், புரிந்துவிட்டது. இங்கிலீஷ் "க்வார்ட்டர் டு" என்று வரப்போகும் மணியைப் பார்க்கிறது. தமிழ் எப்போதும் அடித்து முடிந்த மணியில் இருந்து எண்ணுகிறது. அஞ்சேகால், அஞ்சரை, அஞ்சே முக்கால், மூன்றுமே அஞ்சில்தான் தொடங்கும்.

இதே கடிகாரச் சொல் இன்னொரு மொழிக்கும் போயிருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மாவோரியில் "தஹி கராகா" என்றால் ஒரு மணி. அந்தக் "கராகா" இங்கிலீஷ் "கிளாக்"தான். லத்தீன் மணி இங்கிலாந்து வழியாக நியூசிலாந்து வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ் மணியும் வந்திருக்கிறது, அதுவும் நிஜமான வெண்கல மணியாக. ஆக்லாந்துக்கு வடக்கே ஃபாங்காரே பக்கம், சுமார் 1836-இல் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் அதைப் பார்த்தார். மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவரிடம் சொன்னார்கள். விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அது எப்படி இங்கே வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 1899-இல் காலமான கொலென்ஸோ அதை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டார். இப்போது வெலிங்டனில் உள்ள தெ பாப்பாவின் சேகரிப்பில் இருக்கிறது.

அதன் படத்தை மகளுக்குக் காட்டினேன். அந்த வரியின் கடைசிச் சொல் "மணி" என்றதும், அவளுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "பாவம், கிழங்கு வேகவச்சிருக்காங்களே" என்றாள். "ஆனா தூக்கிப் போடலயே, பத்திரமா வச்சிருந்தாங்களே" என்றார் தாத்தா. எனக்கு அது போதுமாக இருந்தது. விளிம்பு உடைந்து போனாலும், யாரோ தினமும் கையில் எடுத்ததால்தான் அந்த மணி நமக்குக் கிடைத்தது. நம் வீட்டுத் தமிழும் கொஞ்சம் உடைந்துதான் இருக்கும். பரவாயில்லை, தினமும் கையில் எடுக்கவேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒன்று செய்து பாருங்கள். இந்த வாரம் நீச்சல், டான்ஸ், ஃபுட்பால் எதுவானாலும் முடியும் நேரத்தைப் பிள்ளையே தாத்தா பாட்டியிடம் தமிழில் சொல்லட்டும். தப்பினால் சிரிக்காமல் டம்ளரைத் தட்டுங்கள். அப்புறம், "ரெண்டு மணிக்குத் தூங்கினேன்" வேறு, "ரெண்டு மணி நேரம் தூங்கினேன்" வேறு. அதையும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

அடுத்த வார நீச்சலுக்கும் தாத்தாதான் போனார். போனில் மகள் சொன்னது இதுதான்: "அஞ்சே முக்கால் தாத்தா. அஞ்சு அடிச்சு, அப்புறம் முக்கால். ஓகேவா?"

தாத்தா அஞ்சரைக்கே போய் நின்றுவிட்டார்.