கிறிஸ்துமஸ் தொடைக்கறி: பார்த்து வாங்குங்க, கை கழுவிச் சமையுங்க!



கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ம் தேதி முடிந்துவிட்டால் போதும், எங்கள் நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் பேச்சு தொடங்கிவிடும். முந்திரிக்கொத்து என்றைக்கு, அச்சு முறுக்குக்கு யார் வீட்டு அச்சு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "எறச்சி என்ன எடுக்கப் போறே?" என்ற கேள்வி வரும்.

ஆட்டுக்கறி, கோழிக்கறி பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டார்கள். பன்றி இறைச்சி பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வாங்கும்போதே பேப்பரில் சுற்றி, பைக்குள் பை போட்டுத்தான் கொண்டு வருகிறோம். கூச்சம் ஒரு பக்கம், "மூளையில புழு வந்துரும்" என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன். பன்றி இறைச்சியைத் தொடாதவர்களும் சைவச் சாப்பாட்டுக்காரர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நடுவில் சொல்லப்போகும் விஷயம் உங்கள் அடுப்படிக்கும் சேர்த்துத்தான்.

ஹாம் என்றால் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் "இங்கே கிறிஸ்துமஸுக்கு ஹாம்தாம்மா" என்று போட்டோ அனுப்புகிறார்கள். அது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பன்றியின் பின்தொடையை உப்பில் ஊறப்போட்டுப் பதப்படுத்தியதுதான் ஹாம். சிலவற்றுக்குப் புகையும் காட்டுவார்கள். வெந்த பிறகும் அது ரோஜா நிறத்தில் இருப்பதற்குக் காரணம் நைட்ரைட் என்கிற உப்பு. அந்தக் காலத்தில் வெடியுப்பு சேர்த்தார்கள். அளவு தப்பினால் ஆபத்து. அந்த வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் கேரளாவில், கூத்தாட்டுக்குளத்தில் 1973-ல் தொடங்கிய 'மீட் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற அரசு நிறுவனம் பன்றி இறைச்சிப் பண்டங்கள் தயாரிக்கிறது. பாக்கெட்டில் வருவது துண்டு துண்டாக இருக்கும். பண்டிகை மேஜையில் முழுசாக வைத்து அரிய வேண்டுமென்றால், பச்சைத் தொடையை வாங்கி நாமே சாதாரண உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வதுதான் வழி. நிறம் மட்டும் வெளுப்பாக இருக்கும். ருசியில் குறை இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹாம் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி சாப்பிட்டால் குடல் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அறிவித்தது. வருஷத்துக்கு ஒரு நாள் பண்டிகைக்கு வைப்பது வேறு, தினமும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வைப்பது வேறு.

கடையில் என்ன பார்க்கணும்?

1. பண்ணையில் கட்டி வளர்த்த வெண்பன்றியா என்று முதலில் கேளுங்கள். தெருவில் மேய்ந்த பன்றி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெண்பன்றியில் பெரும்பாலும் வளர்ப்பது 'லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்' என்ற சீமை இனம். சென்னை பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இதையும் நாட்டுப் பன்றியையும் கலந்து புது ரகமே உருவாக்கியிருக்கிறது.

2. ஆறு முதல் எட்டு மாதக் குட்டியின் தொடை நல்லது. வயசான, காயடிக்காத ஆண் பன்றி என்றால் வேகும்போது ஒரு வீச்சம் வரும். எந்த மசாலாவுக்கும் அது அடங்காது.

3. கறி இளஞ்சிவப்பாக, கொழுப்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருக்கணும். சாம்பல் நிறம், பச்சைப் படலம், பிசுபிசுப்பு, மஞ்சள் கொழுப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வரணும்.

4. இதுதான் முக்கியம். வெட்டிய இடத்தில் சதையை உற்றுப் பாருங்கள். அரிசி மணி அளவில் வெள்ளையாக நீர்க்கொப்புளம் போல் ஏதாவது தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் ஒதுக்கினால் போதாது, அந்தப் பன்றியே வேண்டாம். அவைதான் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கும் பைகள். "எக்கா, அது வெறும் கொழுப்பாக்கும்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

5. தோலோடு கேளுங்கள். வேகும்போது சதை வறண்டு போகாமல் தோல்தான் காக்கும். எலும்போடு வாங்கினால் ஆளுக்குக் கால் கிலோ கணக்கு. எட்டுப் பேருக்கு இரண்டு கிலோ போதும்.

காய்ச்சல் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 2009-ல் பரவிய பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு மனிதர் இருமல், தும்மல் வழியாகப் பரவியது. நன்றாக வெந்த கறியைச் சாப்பிட்டதால் வந்ததில்லை. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பன்றிகளைக் கொல்லும், மனிதருக்குத் தொற்றாது.

மூளையில் புழு எப்படி வருகிறது?

எங்கள் தெருவில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையில் புழுக்கட்டி. உடனே தெருவில் குசுகுசுப்பு தொடங்கிவிட்டது. "பக்கத்து வீட்டுல பன்னி எறச்சி வைக்கிறாங்கல்லா, அதுதான்" என்றார்கள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் கேக்கும், தீபாவளிக்கு அதிரசமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் பேச்சே நின்றுபோனது.

குழந்தையைப் பார்த்த டாக்டர் அம்மாதான் இரண்டு வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்து விளக்கினார். அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரியாக வேகாத, புழுப்பை உள்ள பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. அது மீட்டர் கணக்கில் வளரும். அந்த மனிதரின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். அவர் கக்கூஸ் போய்விட்டு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உணவைத் தொட்டாலோ, திறந்தவெளியில் போன மலம் கலந்த தண்ணீர் கீரைக்கும் காய்க்கும் பாய்ந்தாலோ, அந்த முட்டைகள் இன்னொருவர் வயிற்றுக்குள் போகும். மூளையில் போய்க் கட்டியாவது அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுதான். ஆகவே பன்றியைக் கண்ணால் பார்க்காதவருக்கும் இது வரலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்த நோயைப் பற்றிப் பல வருஷங்களாக ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பன்றிக்கே அந்தப் புழுப்பை எங்கிருந்து வருகிறது? தெருவில் மனித மலத்தைத் தின்பதால்தான். ஆக, சுற்றிச் சுற்றிப் பார்த்தால் குற்றம் பன்றி மேல் இல்லை, நம் சுத்தக் குறைவு மேல்தான்! வீட்டுக்கு வீடு கழிப்பறை, பன்றிக்குக் கொட்டில், கைக்கு சோப்பு. இந்த மூன்றும் இருந்தால் சங்கிலி அறுந்துபோகும்.

அந்தக் குழந்தை நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு, இப்போது நல்ல சுகமாகக் கல்லூரிக்குப் போகிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகாரத் தட்டும் மறுபடி போய் வருகிறது.

பண்டிகை அடுப்படியில் இதை மறக்காதீர்கள். சமைக்கிறவர், பரிமாறுகிறவர், உதவிக்கு வருகிறவர், எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகம் வெட்டியிருக்கணும். வெள்ளரிக்காய், கேரட், மல்லியிலை என்று பச்சையாகப் போடுவதை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவணும். கறி வெட்டிய பலகையில் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கவே கூடாது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்த தொடை

இரண்டு கிலோ தொடைக்கு: தண்ணீர் 2 லிட்டர், கல்லுப்பு 120 கிராம், கருப்பட்டி 100 கிராம், கிராம்பு 8, பட்டை ஒரு துண்டு, நல்லமிளகு ஒரு மேஜைக் கரண்டி. கிராம்பு வாங்கும்போது நம் மாவட்டத்து மலைக் கிராம்பாகவே கேளுங்கள். எண்ணெய்ச் சத்தும் மணமும் அதில் தூக்கல். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் தண்ணீரில் கொதிக்கவைத்து, கருப்பட்டி மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகே தொடையை முங்கப் போடணும். எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரம் போதும், அலுமினியம் ஆகாது. மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள். தினமும் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் ஊறவைக்கவே வேண்டாம். உப்பும் மிளகும் தடவி அன்றைக்கே வேகவையுங்கள். நம் ஊர் சூட்டுக்கு வெளியில் வைத்தால் கெட்டுப்போகும்.

24-ம் தேதி சாயங்காலம் தொடையை எடுத்துக் கழுவி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு உப்பைத் தணியுங்கள். வீட்டில் ரத்த அழுத்தக்காரர்கள் இருந்தால் ஒரு மணி நேரம் போடுங்கள். பிறகு பெரிய பாத்திரத்தில் முங்கத் தண்ணீர் வைத்து, இரண்டு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் மெல்லச் சிணுங்கிக்கொண்டே இருக்கணும். இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எலும்பு ஓரமாக ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். சிவப்பில்லாமல் தெளிந்த நீர் வரணும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுச்சதை 71 டிகிரி செல்சியஸ் காட்டினால் பயமே இல்லை. சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கோயிலுக்குப் போகலாம்.

காலையில் ஆராதனை முடிந்து வந்ததும் தோலை உரித்து, மேல் கொழுப்பில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்துங்கள். 100 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, இடித்த நல்லமிளகு ஒரு டீஸ்பூன், சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துத் தேன் பதத்துக்குக் காய்ச்சிப் பூசுங்கள். ஓவன் இருந்தால் 200 டிகிரியில் அரை மணி நேரம், இடையில் இரண்டு தடவை பாகு பூசி எடுக்கலாம். ஓவன் இல்லையா? கவலை வேண்டாம். கனமான இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில், கொழுப்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, பாகை அள்ளி அள்ளி ஊற்றித் திருப்பிப் போடுங்கள். மூடி வைத்து உள்சதை வரை நன்றாகச் சூடேற விடுங்கள். கருப்பட்டி சட்டென்று கரியும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. பத்து நிமிஷம் ஆறவிட்டு மெல்லிசாக அரிந்தால் துண்டு பிய்யாமல் வரும்.

மீதியும், மரியாதையும்

மீந்ததை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். சின்னத் துண்டுகளாக்கி, தேங்காய்க் கொத்து, கறிவேப்பிலை, நல்லமிளகு போட்டு அதன் கொழுப்பிலேயே வறுத்தால் எண்ணெயே தேவையில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்குக்கு இதை மிஞ்சிய ஜோடி கிடையாது!

நம் தெருவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் கலந்துதான் இருக்கிறோம். முஸ்லிம் சகோதரிகளுக்கு இது விலக்கப்பட்ட உணவு. கிறிஸ்தவர்களிலும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையார் தொடுவதில்லை. ஆகவே பலகாரத்தட்டு அனுப்பும் வீடுகளுக்கான பலகாரத்தை முன்னாலேயே சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். இந்தக் கறிக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. விருந்தாளி உட்கார்ந்ததும் "இது பன்னி எறச்சி, அது கோழி" என்று வாய்விட்டுச் சொல்லிவிடணும். சொல்லாமல் பரிமாறுவது துரோகம். சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது, நமக்கும் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

இந்த வருஷம் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நாள் நெரிசலில் போனால் நின்று உற்றுப் பார்த்து வாங்க முடியாது. அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!

- ஒரு வாசகி, நாகர்கோவில்.