உலாவிகள் மாறின, ஆவணங்கள் மறைந்தன

புது தில்லி: மத்திய அரசின் எந்தத் துறையும் தன் கோப்புகளை விருப்பம்போல் அழித்துவிட முடியாது. பொது ஆவணங்கள் சட்டம், 1993 அதற்கென நடைமுறை வகுத்துள்ளது. மீறுவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கணினியில் உருவானவையும் இச்சட்டத்தின்படி ஆவணங்களே. ஆனால், எவரும் அழிக்காமலேயே ஓர் ஆவணம் திறக்க முடியாததாகிவிட்டால் பொறுப்பு யாருடையது?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ம் தேதியுடன் நிறுத்திக் கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அம்மென்பொருளே உள்ளடக்கத்தைக் காட்ட மறுத்தது. சுமார் கால் நூற்றாண்டுக் காலம் அதில் உருவான விளையாட்டுகள், அசைபடங்கள், பாடங்கள், வரைபடங்கள் ஆகியவற்றின் கோப்புகள் பல இன்றும் உள்ளன. அவற்றை இயக்கும் வழிதான் உலாவிகளில் அடைபட்டுவிட்டது.

ஜாவா ஆப்லெட்டுகளுக்கும் இதே கதிதான். அவற்றுக்கான இணைப்பு வசதியை குரோம் 2015-லும், பயர்பாக்ஸ் 2017-லும் கைவிட்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது.

பிளாஷை நிறுத்தியது தவறு எனக் கூற முடியாது. அதன் பாதுகாப்புக் குறைபாடுகள் ஊடுருவல்காரர்களுக்கு வழி திறந்துவிட்டன. ஐபோனில் அதற்கு இடமில்லை என 2010-லேயே ஆப்பிள் நிறுவனம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. மாற்றாக எச்.டி.எம்.எல்.5 தரம் 2014-ல் இறுதி செய்யப்பட்டது. 2017 ஜூலையிலேயே முன்னறிவிப்பும் வெளியானது.

மூன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும் அரசுகள் சில தூங்கிவிட்டன. தென்னாப்பிரிக்க வரித்துறை, பிளாஷில் அமைந்த தன் படிவங்களுக்காகவே 2021 ஜனவரியில் தனி உலாவி ஒன்றை வெளியிட நேர்ந்தது.

மீட்புப் பணியைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே மேற்கொண்டுள்ளனர். ரபிள் என்ற மென்பொருளின் துணையுடன் பழைய பிளாஷ் படைப்புகளை இயக்கிக் காட்டும் பணியை இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் தொடங்கியது. எனினும், கோப்பாகக் கைக்குக் கிடைப்பதையே இவ்வாறு காப்பாற்ற முடியும். தொலைவிலுள்ள சர்வரிலிருந்து தகவல் பெற்று இயங்கியவை, அந்த சர்வர் நிறுத்தப்பட்டதும் கூடு மட்டுமாக எஞ்சுகின்றன.

இந்தியாவில் அச்சு நூல்களின் பிரதிகளை நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டுமென 1954-ம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இணையத்தை எண்ணி இயற்றப்பட்டதன்று அது. பிரிட்டனோ 2013-ல் விதிகளை வகுத்து, இணையதளங்களையும் நூலகச் சேமிப்பின் கீழ் கொண்டுவந்தது.

அதற்காக இந்தியச் சட்டம் வாய்மூடியிருக்கிறது என்றும் கூறுவதற்கில்லை. பாதுகாக்க வேண்டிய ஆவணத்தை மின்னணு வடிவில் வைத்திருந்தால், பின்னாளிலும் அதை எடுத்துப் பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 7-வது பிரிவு. உலாவிகள் ஒவ்வொன்றாக விடைபெற்ற இந்த ஆண்டுகளில் எத்தனை துறைகள் தங்கள் தளங்களை முன்கூட்டியே புதிய வடிவுக்கு மாற்றின? கேள்வி நேரத்தில் இதை எழுப்ப எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.