நுழைவுத் தேர்வு ஆங்கிலம்: சொற்களை மறக்கவிடாத இலவச சாப்ட்வேர்

சைனிக் பள்ளியில் 9ஆம் வகுப்பில் சேருவதற்கான அகில இந்திய நுழைவுத் தேர்வில் மொத்தம் 150 கேள்விகள், 400 மதிப்பெண்கள். நேரம் 3 மணி. இதில் ஆங்கிலப் பாடத்திற்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள் மட்டுமே. அதனால் பல பெற்றோர், "கணக்கில் 200 மதிப்பெண் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்று ஆங்கிலத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 6ஆம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 9ஆம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அறிவுத்திறன் எல்லாக் கேள்விகளையும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டால்தான் விடை எழுத முடியும். அதாவது, ஆங்கிலச் சொற்கள் 50 மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, 400 மதிப்பெண்ணுக்கும் தேவை.

நான் இருப்பது காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் ஊர். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. இங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கு உணவும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்ததை அது சொல்கிறது. தங்கிப் படிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல! பக்கத்து வீட்டில் பட்டு நெய்பவர் ஒருவர், "சார், பையன் தமிழ் மீடியம். அமராவதி நகர் சைனிக் ஸ்கூலுக்கு எழுதணும்னு நிக்கிறான். இங்கிலீஷுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டார். உடுமலைப்பேட்டை அருகே 1962இல் தொடங்கிய பள்ளி அது. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் போட்டுக் கொடுத்த சாப்ட்வேர்தான் அங்கி. அதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

அங்கி என்றால் என்ன?

"அங்கி" என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். 2006இல் வெளிவந்த இந்த சாப்ட்வேரைக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகப் பெறலாம்.

படித்தது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். மறக்கப்போகும் நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால், அடுத்து மறக்க அதிக நாளாகும். இதை வைத்து லைட்னர் என்பவர் 1972இல் ஓர் எளிய வழி சொன்னார். சொற்களை அட்டைகளில் எழுதி, தெரிந்த அட்டையைத் தள்ளியுள்ள அறையிலும், தெரியாத அட்டையை முதல் அறையிலும் போட வேண்டும். முதல் அறையை அடிக்கடியும் மற்றவற்றை எப்போதாவதும் பார்க்க வேண்டும்.

அங்கி இந்த வேலையைத் தானே செய்கிறது. பட்டுத் தறியில் அடுத்து எந்த அட்டை வரவேண்டும் என்பதை நெசவாளர் நினைவில் வைத்திருப்பதில்லை. ஜக்கார்டு பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதுபோல, எந்தச் சொல்லை எந்த நாளில் கேட்பது என்பதை அங்கி பார்த்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

பிரவுசரைத் திறந்து ஆப்ஸ் டாட் அங்கிவெப் டாட் நெட் என்ற தளத்திற்குச் செல்லுங்கள். விண்டோஸுக்கான பைலை டவுன்லோடு செய்து, அதன் மீது டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். இதே பெயரை ஒட்டிப் பணம் கேட்கும் வேறு சாப்ட்வேர்களும் உண்டு, எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு போனுக்கான அங்கிட்ராய்டும் இலவசம். ஐபோனில் மட்டும் கட்டணம் உண்டு.

முதல் முறை திறக்கும்போது மொழியைக் கேட்கும். இங்கிலீஷ் என்று தேர்ந்தெடுத்தால் நான் கீழே சொல்லும் பெயர்களே திரையில் தெரியும்.

தமிழில் பொருள் எழுதத் தனி சாப்ட்வேர் வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்டு லாங்குவேஜ், லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று தமிழைச் சேருங்கள். தமிழ் 99, பொனெடிக் இரண்டு கீபோர்டுகளும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

கார்டு தயாரிப்பது எப்படி?

1. கீழே உள்ள கிரியேட் டெக் பட்டனைக் கிளிக் செய்து ஒரு பெயர் கொடுங்கள். டெக் என்பது கார்டுக் கட்டு.

2. மேலே உள்ள ஆட் என்பதைக் கிளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும். அதில் பிரண்ட், பேக் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும்.

3. பிரண்ட் கட்டத்தில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வரும் சிறு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். "அபண்டன்ட்" என்ற சொல்லுக்கு, ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல் ஏராளம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் போதும்.

4. பேக் கட்டத்தில் தமிழ்ப் பொருள் (ஏராளமான), அதே பொருள் தரும் சொல் (பிளென்டிபுல்), எதிர்ச்சொல் (ஸ்கேர்ஸ்) மூன்றையும் எழுதுங்கள். தேர்வில் இவற்றைச் சுற்றியே கேள்வி வரும். ஒரே கார்டில் மூன்று சொற்கள் கிடைத்துவிடும்.

5. கீழே உள்ள ஆட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். கார்டு சேர்ந்துவிட்டது.

இந்தக் கார்டுகளைப் பிள்ளையே தட்டட்டும். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும்போது ஸ்பெல்லிங்கும் பழகிவிடும். இணையத்தில் ஆயத்தக் கட்டுகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பல, கல்லூரி முடித்தவர்கள் எழுதும் தேர்வுக்கானவை. 13 வயதுப் பிள்ளைக்கு அவை சுமைதான்.

சொற்களை எங்கே எடுப்பது?

முதலில் கேள்வித்தாள் மொழி. "கன்செக்யூட்டிவ்" (அடுத்தடுத்த), "ரெஸ்பெக்டிவ்லி" (முறையே), "அட் லீஸ்ட்" (குறைந்தபட்சம்), "எக்ஸெப்ட்" (தவிர), "இன்கரெக்ட்" (தவறான) போன்ற சொற்கள் இவை. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகூட "எக்ஸெப்ட்" என்பதைக் கவனிக்காவிட்டால் விடையைத் தலைகீழாகக் குறித்துவிடும்.

அடுத்து பாடச் சொற்கள். தமிழக அரசின் கணக்கு, அறிவியல் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தை இரண்டு விண்டோக்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றில் "ஆவியாதல்" என்று இருந்தால் மற்றதில் "எவாபரேஷன்" இருக்கும். பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதாக, கதைப் பாடங்களில் வரும் பொதுச் சொற்கள். பொருள் தெரியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உள்ள ஆங்கிலம்-தமிழ் அகராதியில் தேடலாம்.

தினமும் எவ்வளவு?

டெக் பெயருக்கு எதிரே உள்ள சக்கரப் படத்தைக் கிளிக் செய்து ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். நியூ கார்ட்ஸ் பெர் டே என்பதில் 20 என்று இருக்கும். அதை 8 ஆக்குங்கள். 8 மிகக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தேர்வுக்கு 150 நாள் இருந்தால், கடைசி 20 நாளைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒதுக்கினாலும், மீதி 130 நாளில் 1040 கார்டுகள் முடிந்துவிடும்.

படிக்கும்போது வாக்கியத்தைப் பார்த்துப் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகே ஷோ ஆன்சர் கிளிக் செய்ய வேண்டும். அப்போது அகைன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு பட்டன்கள் வரும். மறந்துபோயிருந்தால் அகைன் மட்டுமே. ஹார்ட் என்பது கஷ்டப்பட்டு நினைவுக்கு வந்தால் மட்டும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டினால் பிள்ளை எல்லாவற்றுக்கும் குட் அழுத்திவிடும். பிறகு அங்கியின் கணக்கு எதற்கும் பயன்படாது.

ஒரு நாள் விட்டாலும் அந்தக் கார்டுகள் மறுநாள் சேர்ந்துகொள்ளும். எனவே தினமும் 20 நிமிடம் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் காலையில் தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன் முடித்துவிடுகிறான். இலவச அங்கிவெப் கணக்கு தொடங்கி சிங்க் பட்டனை அழுத்திவிட்டால், கம்ப்யூட்டர் பழுதானாலும் கார்டுகள் பத்திரமாக இருக்கும்.

டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியின் 8ஆம் வகுப்புத் தேர்வுக்கும் இதே முறை பொருந்தும். அங்கே ஆங்கிலத்திற்கு மட்டும் 125 மதிப்பெண்கள். தமிழ்நாட்டில் அதை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. சைனிக் தேர்வை நடத்துவது தேசிய தேர்வு முகமை. விண்ணப்பத் தேதி, வயது வரம்பு ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றே அங்கியை இன்ஸ்டால் செய்து, கேள்வித்தாளில் வரும் 8 சொற்களுக்குக் கார்டு போட்டுவிடுங்கள். நாளைக் காலையில் அவற்றை அதுவே கேட்கும்.