ஒளி தராத மேகமும் அதன் சாட்சியும்

மாசி மாதத்து முன்னிரவில் வாகரைக் களப்பின் கரையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குத் திருவாதிரை விண்மீன் ஏறக்குறைய நேர் உச்சியிலே செந்நிறமாய்த் தோன்றும். அதற்குத் தெற்கே ஒருநேராய் நிற்கும் மூன்று மீன்களின் கீழ், புகை படர்ந்தாற்போன்ற சிறு ஒளி ஒன்று உண்டு. அதுவே ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரியன் வான்முகில்; விண்மீன்கள் பிறக்கும் இடம்.

ஒளியுள்ள இடத்தில் முகில் இருக்கின்றது. இருண்ட இடத்தில் ஒன்றுமே இல்லையோ? என் மாணாக்கர் கேட்கும் இவ்வினாவுக்கு விடை கூறல் எளிதன்று.

அவ்வொளியின் பின்னே கண்ணுக்குப் புலனாகாத மாபெரும் மேகம் பரந்து கிடக்கின்றது. அதன் பெரும்பகுதி ஐதரசன் மூலக்கூறு. குளிர்ந்த நிலையில் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சூடேறித் தூண்டப்பட்டாற்றான் 2.12 மைக்கிரோமீற்றர் அலைநீளத்திற் செந்நிறக் கீழ்க்கதிரை உமிழும். ஆதலின் குளிர்ந்த மேகத்துக்குக் காபனே சாட்சி. மேகத்தின் உள்ளே அது காபனோரொட்சைட்டாய் இருந்து 2.6 மில்லிமீற்றர் வானொலி அலையைத் தரும். 1970இல் அதனை முதன்முதல் ஒரியனிற்றான் கண்டனர். விளிம்பிலோ, இளமீன்களின் கழியூதாக் கதிர் பட்டு இலத்திரன் ஒன்றை இழந்து, 158 மைக்கிரோமீற்றர் கதிரை வீசும்.

இக்கதிர் மலையுச்சிக்கும் வந்து சேராது. வளியிலுள்ள நீராவி இடைவழியில் விழுங்கிவிடும். எனவே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 100 சென்ரிமீற்றர் ஆடி பொருந்திய தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனிலே ஏற்றி, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பினர். யப்பானிய அறிஞரின் நிறமாலைமானி அதனோடு இணைந்தது. 1999இல் அக்கருவி ஒரியன் மேகத்தின் காபன் கதிரை வரைபடமாக்கித் தந்தது.

இதனால் விளைந்த பயன் யாது? மேகம் தன் ஈர்ப்பாற் சுருங்கும்போது வெப்பம் மிகும். அவ்வெப்பம் வெளியேறாவிடின் உள்ளழுத்தம் சுருக்கத்தைத் தடுக்கும். அதனை வெளியே கொண்டு செல்வன உள்ளே காபனோரொட்சைட்டும் தூசும், விளிம்பிலே இக்காபனும் வீசும் கதிர்களே. கொதிக்கும் விண்மீன் பிறப்பதற்கு அதன் மேகம் முதலிற் குளிர்தல் வேண்டும்! அக்குளிர்ச்சியின் கணக்கையே அவ்வரைபடம் நமக்கு அளிக்கின்றது.

பரீட்சைக்காகப் படிப்போர் செந்நிறக் கீழ்க்கதிரை அட்டவணையின் ஒரு வரியாய் மனனஞ்செய்து மறந்துவிடுவர். ஆசிரிய நண்பர்களே, பேசாத ஒன்றை மற்றொன்றின் சாட்சியால் அறியும் இம்முறையை அவர்க்குக் கற்பியுங்கள். தொலைநோக்கி இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தச் சிந்தனை எட்டாப் பொருளன்று. அதை மறுக்கும் உரிமை நமக்கு இல்லை.