கறிக்கடைக் கட்டையில் ஒரு குருத்தெலும்புக் கண்காட்சி

ஞாயிறு விடிந்தும் விடியாமல் நைனார்பாளையத்தில் தூக்குச்சட்டியோடு கறி வாங்க நிற்பவர்களே, கொஞ்சம் எட்டிக் கட்டையைப் பாருங்கள்! ஒரே வெள்ளாட்டில் மூன்று வகைக் குருத்தெலும்பும் இருக்கின்றன. நம் உடம்பிலும் இதே மூன்றுதான்.

“அண்ணே, நெஞ்செலும்பு சேர்த்துப் போடுங்க” என்கிறார் ஒரு அம்மா. கத்தி இறங்குகிறது. விலா நுனியில் பால்வெள்ளையாகப் பளபளக்கிறதே, அதுதான் பளிங்குக் குருத்தெலும்பு. மூக்கின் நடுத்தடுப்பும் மூட்டுக்குள் எலும்பின் தலையைப் போர்த்தியிருப்பதும் இதே ரகம். பிரித்த மூட்டை விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழவழப்புக்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை! பெரும்பங்கு தண்ணீர், நடுநடுவே சின்னக் குழிகளில் செல்கள். அவற்றுக்குச் சாப்பாடு? கல்வராயன் மலையடிவாரத்தில் ஆடு மேய்ந்து திரியும்போது மூட்டு பஞ்சுபோல அமுங்கி விரிகிறது. மூட்டு நீர் உள்ளே போய் ஊட்டுகிறது. நடைதான் சோறு! ரத்த ஓட்டம் இல்லாததால்தான், தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை. கெட்ட குருத்தெலும்பு ஆறாது என்பதை 1743லேயே மருத்துவர் வில்லியம் ஹண்டர் லண்டனில் எழுதிவிட்டார்.

கழித்துப்போட்ட மூச்சுக்குழலையும் பாருங்களேன். அதுவும் பளிங்கு வகைதான். ஆனால் முழு வளையம் இல்லை, பின்பக்கம் திறப்பு. அங்கே ஒட்டிப்போகும் உணவுக்குழல், கவளம் இறங்கும்போது புடைக்க இடம் வேண்டுமே!

“இளங்குட்டியா?” என்று கேட்கிறோமே, அதற்கும் சாட்சி இங்கே உண்டு. குட்டியின் கால் எலும்பை நீளவாக்கில் பிளந்தால், முனைக்குச் சற்று உள்ளே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை தெரியும். எலும்பு நீளுவது அங்கிருந்துதான். வளர்ந்து முடிந்ததும் அந்தப் பட்டையே எலும்பாகிவிடுகிறது.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருப்பது நார்க் குருத்தெலும்பு. தடித்த நார்க் கற்றைகள் நிறைந்தது, பாரம் தாங்கவே பிறந்தது.

எனக்கு உயிர் காதுதான்! வாட்டாத தலையில் காதை மடக்கி விடுங்கள், சட்டென்று நிமிரும். எலாஸ்டின் இழை ஓடும் மீள் குருத்தெலும்பு அது. கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் மேற்கு வங்கக் கால்நடைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து, ஆட்டுக்காதுக் குருத்தெலும்பின் செல்களை நீக்கி, கட்டமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, காது சரியாக உருவாகாமல் பிறந்தவர்களுக்குப் பொருத்தினார்கள். 2022இல் வெளிவந்த செய்தி. செல்களை நீக்கிவிட்டதால் மனித உடம்பு அதை அந்நியமென்று தள்ளவில்லை!