வயலிற் கிடக்கும் இரும்பும் அதைக் காட்டும் கருவியும்

நேற்று வரை நன்றாய்த் தின்று பால் கொடுத்த பசு, இன்று திடீரெனத் தீனியை வெறுத்து, முதுகை வளைத்து, முன்கால்களை அகட்டி நின்று, பள்ளத்தில் இறங்கும்பொழுது முனகுமாயின், அது ஆணியையோ கம்பித் துண்டையோ விழுங்கியிருக்கலாமென்று சந்தேகிக்க வேண்டும். மாடு புல்லை நாவினாற் சுருட்டி வாரி, நன்கு மெல்லாமலே விழுங்கும் இயல்புடையது. ஆதலின் ஆடு உதட்டால் ஒதுக்கிவிடும் பொருளும் மாட்டின் வயிற்றிற் சேர்ந்துவிடுகிறது. அவ்விரும்பு தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கி, இரைப்பை சுருங்குந்தோறும் முன்னே தள்ளப்பட்டு, சுவரைத் துளைத்து, இருதயத்தின் உறை வரையிற் செல்வதுமுண்டு. அந்நிலையில் வைத்தியம் பலிப்பது அரிது. முன்கூட்டியே காந்தக் கட்டி ஒன்றை மாட்டுக்குக் கொடுத்து இரைப்பையில் தங்கச் செய்யும் முறை உண்டு. ஆனால் செப்புக் கம்பியைக் காந்தம் பற்றாது. தீவனம் விளையும் பூமியிலேயே இத்துண்டுகளைப் பொறுக்கிவிடுவது உத்தமம்.

இதற்கு மெட்டல் டிடெக்டர் என வழங்கும் கருவி உதவும். அதன் அடியிலுள்ள கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் ஓடுகிறது. அருகில் உலோகமிருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கருவி ஒலிக்கிறது. விற்பனையாகும் கருவிகளிற் பெரும்பாலானவை நாணயந் தேடுவோருக்கென்று செய்யப்பட்டவை; இரும்பைக் கண்டால் மௌனமாயிருக்கும்படி அவற்றை அமைக்கலாம். நமக்கு வேண்டியதோ இரும்பு! ஆகையால் அவ்வமைப்பை முதலில் நீக்கிவிட வேண்டும். இதை அறியாது வயல் முழுதும் நடந்து, ஒன்றுமில்லையென்று திரும்புவதில் பயனில்லை.

செம்மண்ணிலும் ஈரமான உவர் நிலத்திலும் கருவி வீணே ஒலிக்கும். உலோகமற்ற இடத்திற் சுருளை மேலும் கீழுமாக அசைத்து, ஒலி மாறாதிருக்கும்படி திருகைச் சரிப்படுத்திக்கொள்ளுதல் அவசியம். பிறகு ஓர் ஆணியை நான்கு அங்குல ஆழத்திற் புதைத்து, அது எவ்வாறு ஒலிக்கிறதென்று காதுக்குப் பழக்குக. சிறு ஆணி மிக ஆழத்திலிருந்தால் கருவிக்கு எட்டாது. ஆயினும் மாட்டின் வாய்க்கு எட்டுவது மேல்மண்ணிற் கிடப்பதுதானே.

அறுவடைக்குப் பின் தாள் குட்டையாயிருக்கும்பொழுது தேடுவது நலம். கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, சுருளைத் தரைக்கு ஓரங்குல உயரத்தில், கோணாமல், மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடட்டும். வீச்சின் இரு கடைகளிலும் சுருளைத் தூக்கிவிடுவதே புதியவர்கள் செய்யும் பிழை. ஒலி கேட்ட இடத்தில் குறுக்காகவும் ஒருமுறை வீசினால், இரு கோடுகளும் வெட்டுமிடத்திற் பொருள் இருக்கும். வேலியோரம், உழுபொறி பழுதுபார்த்த இடம், கட்டடக் குப்பை கொட்டிய மூலை ஆகியவற்றை இருமுறை பார்க்க.

1881-ஆம் ஆண்டில், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலுள்ள குண்டைக் கண்டறிய, டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தார். குண்டு வலப்புறமிருப்பதாக மருத்துவர் நம்பியதால் அப்புறமே தேடப்பட்டது. கட்டிலின் இரும்புச் சுருள்களும் ஒலியைக் குழப்பினவென்பர். குண்டு அகப்படவில்லை; இறந்தபின் சோதித்ததில் அது இடப்புறமிருந்தது. நம்மவரும் ஆணியடித்த செருப்பையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் களைந்துவிட்டு, மின்கம்பிகளுக்கு விலகி நின்று, இங்கேதான் இருக்குமென்னும் எண்ணமின்றித் தேட வேண்டும்.

எடுத்த துண்டுகளை வரப்பில் எறியாமல் தகரப் பெட்டியிற் சேர்க்க. வரப்புப் புல்லையும் மாடுதான் மேய்கிறது. பழங்காசோ விக்கிரகமோ வெளிப்பட்டால் மேலும் தோண்டாது நிறுத்திவிடுக. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்பது 1878-ஆம் வருஷத்துப் புதையற் சட்டம்.